ஆடலும் அறமும்

ஒரு பொருளின் ஒரு பகுதி வியக்கத்தக்க உயர்வும், மற்றொரு பகுதி வருந்தத்தக்க தாழ்வும் உடையதாக இருக்குமானால், அப்பொருளை முழுமையாக நோக்கி நாம் யாது தீர்ப்புக் கூறுவது? உயர்ந்த பகுதியை எண்ணித் தாழ்ந்த பகுதியைப் பொறுத்துக்கொள்வதா? தாழ்ந்த பகுதியை எண்ணி உயர்ந்த பகுதியையும் புறக்கணிப்பதா? இவ்வினா கலைக்கு மட்டும் உரியதன்று. முத்து முத்தான கையெழுத்தில் எழுதப்பெற்ற அலுவலகக் குறிப்பு ஒன்று, சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லாமலே முடிந்துவிடுவதுண்டு. இனிய நாவன்மையும் ஈரமற்ற நெஞ்சும் ஒருவரிடமே குடிகொண்டிருப்பதும் உண்டு. ஆயினும் வாழ்க்கையில் பல செய்திகள் பின்னிக் கிடப்பதால் அங்கே தீர்ப்புக் கூறுவது அரிது. கலையில் வைத்து ஆராய்ந்தால் சிக்கல் ஓரளவு எளிதாகும். ஆகவே, தெரு நடனத் திரைப்படங்கள் எனப்படும் ஒரு வகைப் படங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை இங்கே ஆராய முற்படுகிறோம்.

இலக்கிய மலரில் இத்தகைய படங்களுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். விடை எளிது. பிறந்த மண்ணை விட்டு வந்து இந்தியாவின் பல நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் படங்களுள் இவையும் சேர்ந்துவிட்டன. அவ்வழியே செல்லும் பெற்றோர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, "இதில் கதையே இல்லையே" என்கின்றனர். "கதையை யார் பார்க்கிறார்கள்? ஆட்டத்தைப் பாருங்கள் அப்பா" என்கின்றனர் பிள்ளைகள். இருவர் கூற்றும் உண்மையே. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதனால்தான் இது ஆராயத்தக்க வினா ஆகிறது.

படங்களின் இயல்பு

அமெரிக்காவில் 2006 முதல் 2014 வரை 'ஸ்டெப் அப்' என்னும் பெயர் தாங்கி ஐந்து படங்கள் வெளிவந்தன. முதற்படத்தின் களம் பால்டிமோர் நகரம். மூன்றாவது நியூயார்க்கிலும், நான்காவது மயாமியிலும் நிகழ்வன. ஐந்தாவது லாஸ் வேகாஸ் சென்று முடிகிறது. இவற்றின் நடனச் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. 2008-இல் வந்த இரண்டாம் படத்தின் இறுதியில், கொட்டும் மழையில் இளைஞர் கூட்டம் ஒன்று தெருவில் ஆடுகின்றது. தரையில் தேங்கிய நீரும் அவர்களோடு சேர்ந்து ஆடுவதுபோல் தோன்றும். 2010-இல் முப்பரிமாணப் படமாக வந்த மூன்றாம் பகுதியில், நியூயார்க் தெரு ஒன்றில் ஓர் இளைஞனும் அவன் தோழியும் பழைய பாடல் ஒன்றுக்கு ஆடிச் செல்கின்றனர். இடையில் எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்பெற்ற அக்காட்சியில் பொய்க்கு இடமே இல்லை. கால் தவறினால் தவறியதுதான். அவ்வளவு உழைப்பும் அவ்வளவு மகிழ்ச்சியும் அதில் ஒருங்கே காணப்படுகின்றன.

கதைக்கு வருவோம். ஏழை இளைஞன் ஒருவன், வசதி படைத்த பெண் ஒருத்தி, பகை கொண்ட இரு குழுக்கள், நடுவில் நண்பன் ஒருவனின் துரோகம், பறிபோகவிருக்கும் ஓர் இடம், அதனை மீட்கப் பணம், பணத்திற்காக ஒரு போட்டி, போட்டியில் வெற்றி. நகரத்தின் பெயரையும் மாந்தரின் பெயரையும் மாற்றினால் அடுத்த படம் ஆயத்தமாகிவிடுகிறது. 1984-ஆம் ஆண்டு இறுதியில் வந்த 'பிரேக்கின்' படத்தின் இரண்டாம் பகுதியில், வணிக வளாகம் எழுப்புவதற்காக இடிக்கப்படவிருந்த சமூகக் கூடத்தை இளைஞர்கள் ஆடிப் பணம் திரட்டிக் காக்கின்றனர். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த 'ஸ்டெப் அப்' மூன்றாம் படத்தில், கடனில் மூழ்கும் கிடங்கு ஒன்றைக் காக்க மீண்டும் ஆடுகின்றனர். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஆட்டம் எங்கோ சென்றுவிட்டது. கதை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்நிலைக்குக் காரணங்கள் உண்டு. நடனம் மொழி கடந்தது. கதை மொழியோடும் ஊரோடும் கட்டுண்டது. உலகெங்கும் விற்பனையாக வேண்டிய படத்தில் கதை எத்துணை மெலிந்திருக்கிறதோ அத்துணை எளிதாக எல்லைகளைக் கடக்கும் என்று படமெடுப்போர் கருதினால் அதில் வியப்பில்லை. மேலும், கடினமான நடனங்களை ஆட வல்லவரையே நடிகராகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், நடிப்பின் சுமை குறைக்கப்படுகிறது. நடிப்பின் சுமை குறையக் குறையக் கதையின் சுமையும் குறைகிறது. இவை தொழிலின் காரணங்கள். நாம் ஆராய விழைவது அறத்தின் பக்கத்தை.

ஆடல் பிறந்த இடம்

தெரு நடனம் என்று நாம் பொதுவாகக் கூறுவனவற்றுள் முதன்மையான பிரேக் நடனம், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. அப்பகுதியின் வரலாற்றைச் சிறிதேனும் அறியாமல் இப்படங்களை மதிப்பிட இயலாது. 1948-இல் தொடங்கிய பெருஞ்சாலைப் பணி ஒன்று அப்பகுதியைக் குறுக்கே பிளந்து சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர நேர்ந்தது. தொழிற்கூடங்கள் அகன்றன, வீடுகளின் மதிப்பு வீழ்ந்தது. 1970-களில் கட்டடங்கள் தெருத் தெருவாகத் தீக்கிரையாயின. எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்தும் பிற கரீபியத் தீவுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோரும் ஆவர்.

அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்று, 1967-இல் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கேம்ப்பெல் குடும்பம். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், அக்குடும்பத்துப் பெண் சிண்டி, பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க வேண்டி, தாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நிகழ்ச்சி நடத்தினாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அவள் அண்ணன் கிளைவ், பின்னாளில் டி.ஜே. கூல் ஹெர்க் என்று புகழ்பெற்றவர், இசைத்தட்டுகளை ஓட்டினார். பாடல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு இடைவெளியில்தான் ஆடுவோர் மிகுந்த எழுச்சியோடு ஆடுவதை அவர் கண்டிருந்தார். ஆகவே ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அவ்விடைவெளியை நீட்டினார். அந்த நீட்டப்பட்ட தாளத்தில் ஆடியவர்களே பிரேக் நடனத்தின் முன்னோடிகள்.

வேற்றூரில் குடியேறிய குடும்பம், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், புத்தாடைக்குப் போதாத வருவாய், குடியிருப்பின் பொதுக்கூடம்: இச்சூழல் நமக்கு அயலானதன்று. மாதக் கடைசியின் பொருளை அறிந்த எந்தக் குடும்பமும் இதனை உடனே புரிந்துகொள்ளும். அங்குப் பிறந்த ஆடலில் வறுமையும் உண்டு. வறுமைக்குத் தலைவணங்காத செருக்கும் உண்டு. தலையைத் தரையில் ஊன்றிச் சுழலும் இளைஞன், தன்னைக் கைவிட்ட நகரத்தின் தரையைத் தன் மேடையாக்கிக் கொள்கிறான். அதற்குக் கட்டணம் தேவையில்லை, ஆசிரியர் தேவையில்லை, கீழே விரிக்க ஓர் அட்டைத்தாள் போதும்.

கதை கட்டாயமா?

"நடனத்திற்குக் கதை எதற்கு? ஆட்டத்தின் அழகே போதாதா?" என்று வினவுவோர் உளர். இதனை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. நம் முன்னோரே இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், சாந்திக் கூத்தினைச் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். சொக்கம் என்பது தூய நிருத்தம். அதற்குக் கதை வேண்டியதில்லை. நாடகம் என்பது கதை தழுவி வரும் கூத்து. சொக்கத்திடம் கதை கேட்பது அறியாமை. நாடகம் என்று அழைத்துவிட்டுக் கதையைத் தராமல் விடுவதோ வாக்குத் தவறுதல்.

இதற்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக் நடனம் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் ஜப்பானைச் சேர்ந்த ஆமியும், ஆண்கள் பிரிவில் கனடாவைச் சேர்ந்த ஃபில் விஸார்டும் தங்கம் வென்றனர். அங்கே கதை ஏதும் இல்லை. ஒருவர் ஆடினார், மற்றவர் தம் ஆட்டத்தால் விடை கூறினார். குறை ஒன்றும் தோன்றவில்லை. ஏனெனில் கதை தருவதாக அங்கு எவரும் வாக்களிக்கவில்லை.

மெல்லிய கதையும் தன்னளவில் குற்றமாகாது. 1930-களில் ஃப்ரெட் அஸ்டேர் ஆடிய ஹாலிவுட் படங்களின் கதைகள் நூலிழையினும் மெல்லியவை. 1935-இல் வந்த 'டாப் ஹாட்' படத்தின் கதை முழுவதும் ஓர் ஆள் மாறாட்டக் குழப்பமே. ஆயினும் அப்படத்தைப் பார்த்து எவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. காரணம், அப்படம் எவருடைய துன்பத்தையும் கருவியாகக் கொள்ளவில்லை. சிறிய கதை, சிறிய வாக்கு; அது நிறைவேற்றப்பட்டுவிட்டது.

இங்கேதான் நம் வினாவின் முடிச்சு அவிழ்கிறது. தெரு நடனப் படங்கள் அஸ்டேர் படங்களைப் போன்றவை அல்ல. இவை தம் உருக்கத்திற்கு வறுமையைத் துணைக்கழைக்கின்றன. இடிக்கப்படும் வீட்டையும், சுடப்பட்டு வீழும் சிறுவனையும், ஊரற்று அலையும் ஏதிலியையும் அழைக்கின்றன. அவர்களுடைய துன்பத்திலிருந்து கண்ணீரைக் கடனாகப் பெற்று, அக்கண்ணீரின் பின்னணியில் ஆட்டத்தை ஒளிரச் செய்கின்றன. கடன் வாங்குவது தவறன்று. கலைகள் யாவும் வாழ்க்கையிடம் கடன் வாங்குபவையே. வாங்கிய கடனைத் திருப்பித் தராமையே தவறு. கதை மெலிவாயிருத்தல் கலைக்குறை. பிறர் துன்பத்தைக் கடனாகப் பெற்றுவிட்டு மெலிந்து போதல் அறக்குறை. இதுவே நாம் கூற விழையும் கருத்து.

கடனும் கணக்கும்

எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் காண்போம். 2006-இல் வந்த முதல் 'ஸ்டெப் அப்' படத்தில், கதைத்தலைவனுடைய நண்பனின் தம்பி, சிறுவன், சுட்டுக் கொல்லப்படுகிறான். ஒரு குடும்பத்தின் விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் கதை அவ்வீட்டில் நெடுநேரம் தங்குவதில்லை. அச்சாவு கதைத்தலைவனுக்கு ஒரு பாடமாகி, அவனை நடன மேடைக்குத் திருப்பி அனுப்பப் பயன்படுகிறது. அரங்கேற்றம் சிறப்பாக முடிகிறது. சிறுவனின் தாயைப் பற்றி நாம் எண்ணுவதற்கு அப்படம் போதிய நேரம் தரவில்லை.

2012-இல் வந்த நான்காம் படத்தில், செல்வர் ஒருவர் பெருந்திட்டம் ஒன்றிற்காக மயாமியின் ஒரு குடியிருப்புப் பகுதியையே அகற்ற முனைகிறார். இளைஞர்கள் கூடி ஆடி எதிர்க்கின்றனர். பிராங்ஸ் வரலாற்றை அறிந்தோர்க்கு இது எத்துணைப் பெரிய பொருள்! ஆனால் இறுதி ஆட்டத்தைக் கண்டதும் செல்வரின் மனம் மாறிவிடுகிறது. அதனினும் வியப்பு, ஆடியவர்களுக்கு உடனே ஒரு விளம்பர ஒப்பந்தம் கிடைப்பது. அதுவே மகிழ்ச்சியான முடிவாகக் காட்டப்படுகிறது. எதிர்ப்பே விற்பனைப் பொருளாகிவிட்டது என்பதனை அப்படம் உணர்ந்ததாகவே தெரியவில்லை. வீடு இழக்க அஞ்சும் மக்கள் செல்வரின் மனமாற்றத்தை நம்பித்தான் வாழ வேண்டுமா என்னும் வினா எழுப்பப்படாமலே திரை விழுகிறது.

நம் நாட்டுப் படங்களும் இதற்கு விலக்கல்ல. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 'ஸ்ட்ரீட் டான்ஸர்' என்னும் இந்திப் படம் இலண்டனில் நிகழ்கிறது. இந்தியக் குழுவும் பாகிஸ்தான் குழுவும் பகை கொண்டு ஆடுகின்றன. இடையில், முறையான ஆவணங்களின்றி அந்நகருக்கு வந்து, வேலையும் வீடும் இன்றித் தெருவில் பசியோடு கிடக்கும் நம் நாட்டவரின் நிலை காட்டப்படுகிறது. ஊர் விட்டு ஊர் வந்தவர் எவரையும் உறங்கவிடாத காட்சி அது. ஆனால் அம்மாபெரும் துன்பத்திற்குப் படம் காணும் தீர்வு, ஒரு நடனப் போட்டியின் பரிசுப் பணம். அவர்களை அனுப்பிய தரகர் யார், அழைத்துச் சுரண்டியவர் யார், ஊர் திரும்பியபின் அவர்கள் எதனை நம்பி வாழ்வர் என்னும் வினாக்கள் தாளத்தின் ஒலியில் மூழ்கிவிடுகின்றன.

அதே படத்தில் பிரபுதேவா, 1994-இல் வந்த 'காதலன்' படத்தின் 'முக்காபுலா' பாட்டின் மறுவடிவத்திற்கு மீண்டும் ஆடுகிறார். இளமையில் பரதம் பயின்று, மேற்கத்திய ஆட்டத்தைத் தம் உடலுக்கே உரிய மொழியாக்கிக் கொண்டவர் அவர். 1997-இல் வந்த 'மின்சார கனவு' படத்திற்காகச் சிறந்த நடன அமைப்பிற்கான தேசிய விருது பெற்றவர். நாற்பத்தாறு வயதில் அவர் ஆடும் அந்தச் சில நிமிடங்கள், அப்படத்தின் நீண்ட உரையாடல்களைவிடப் பொருள் நிறைந்தவை. இத்தகைய திறனுக்கு இன்னும் நல்ல கதை ஒன்று வாய்த்திருக்கலாகாதா என்று ஏங்குவதும் அத்திறனுக்கு நாம் செய்யும் மரியாதையே.

நல்ல கதையும் நல்ல ஆட்டமும் ஒருங்கே அமைய இயலாதா? இயலும். 1977-இல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்னும் படத்தில், புரூக்ளின் பகுதியில் பெயிண்டுக் கடை ஒன்றில் வேலை செய்யும் டோனி என்னும் இளைஞன், சனிக்கிழமை இரவுகளில் ஆட்டக்களத்தில் மன்னனாக விளங்குகிறான். போட்டியில் அவனுக்கே முதற்பரிசு தரப்படுகிறது. ஆனால் தனக்குப் பின் ஆடிய போர்ட்டோ ரிக்கோ இணையரே மேலானவர்கள் என்பதும், அயலார் என்பதனாலேயே அவர்களுக்குப் பரிசு மறுக்கப்பட்டது என்பதும் அவன் கண்களுக்குத் தெரிகின்றன. பரிசை அவர்களிடமே கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். டோனி சான்றோன் அல்லன். அப்படத்தில் அவன் செய்யும் இழிசெயல்களும் உள. ஆயினும் ஆட்டத்தை உண்மையாக அறிந்தவன் ஆதலின், ஆட்டத்தில் பொய் கூற அவனால் இயலவில்லை. ஆடற்கலையே அங்கு அறிவுக்கண்ணாகிறது. பரிசு என்பது முடிவாக இராமல் ஒரு வினாவாக மாறுகிறது.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை நினையாமல் இருத்தல் இயலாது. ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடிய மாதவி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புடைய மாலையும் பெறுகிறாள். அந்நிகழ்ச்சி, முப்பது காதைகளுள் மூன்றாவதாகிய அரங்கேற்று காதையில் அமைந்துள்ளது. பரிசோடு கதை முடியவில்லை. அப்பரிசு மாலையே கோவலனை மாதவியின் மனைக்கு இட்டுச் செல்ல, மற்றக் காதைகள் அதன் விளைவுகளைக் கூறுகின்றன. வெற்றிக்குப் பின் வாழ்க்கையில் யாது நிகழ்ந்தது என்று கேட்டவர் இளங்கோவடிகள். இன்றைய நடனப் படங்களோ அக்கேள்வி எழும் இடத்தில் விளக்கை அணைத்துவிடுகின்றன.

மறைக்கப்பட்ட கால்கள்

கதையில் மட்டும் அன்றிப் படமாக்கும் முறையிலும் இவ்வறக்குறை தலைகாட்டுவதுண்டு. 1983-இல் உலகெங்கும் புகழ்பெற்ற 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தில், பகலில் உலோகம் ஒட்டும் தொழில் செய்து, இரவில் ஆடும் பெண் ஒருத்தியின் உறுதி போற்றப்படுகிறது. அவள் ஆடியனவாக நாம் கண்டவற்றுள் பெரும்பகுதியை ஆடியவர் மரீன் ஜஹான் என்னும் நடனமணி. முதுகைத் தரையில் ஊன்றிச் சுழன்றவர், பிராங்ஸ் பகுதியின் ராக் ஸ்டெடி குழுவைச் சேர்ந்த 'கிரேஸி லெக்ஸ்' என்னும் இளைஞர். படத்தின் பெயர்ப் பட்டியலில் மரீன் ஜஹானின் பெயர் இடம்பெறவில்லை. தன் உழைப்பால் உயரும் பெண்ணின் கதையைக் கூறும் படம், உழைத்த பெண்ணின் பெயரையே கூறவில்லை.

ஆஸ்கார் விருதுகளில் நடன அமைப்பிற்கு 1935 முதல் 1937 வரையிலான படங்களுக்கு மட்டுமே தனிப்பரிசு அளிக்கப்பெற்றது. பின்னர் அப்பிரிவு கைவிடப்பட்டது. ஆகவே 'கதை மெலிந்தால் என்ன, ஆட்டத்தைப் போற்றுகிறோமே' என்போரும் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஆட்டத்தைப் போற்றுகிறோம், ஆடியவரைப் போற்றினோமா?

மறுப்புரையும் விடையும்

நம் கருத்துக்கு வலிவான மறுப்பு ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையாகாது. 1984-இல் வந்த 'பீட் ஸ்ட்ரீட்' என்னும் அமெரிக்கப் படம், மறு ஆண்டில் கிழக்கு ஜெர்மனியில் திரையிடப்பட்டது. அமெரிக்க நகரத்தின் வறுமையைக் காட்டும் கதை ஆதலின், அது முதலாளித்துவத்திற்கு எதிரான பாடமாக அமையும் என்று அங்கிருந்த ஆட்சியாளர் கருதினர். ஆனால் அரங்கிற்குச் சென்ற இளைஞர் கண்டது வேறு. அவர்கள் ஆட்டத்தைக் கண்டனர். வீதிக்கு வந்து தாமே ஆடத் தொடங்கினர். ஆட்சியாளர் கதையை அனுமதித்தனர். இளைஞர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டனர். சுவர் எழுப்பப்பட்ட நாட்டில், சுவரைத் தாண்டி வந்தது ஆட்டமே.

இதிலிருந்து, கதை எவ்வாறிருப்பினும் ஆட்டம் தன் பணியைச் செய்துவிடும் என்று வாதிடலாம். அதில் பெரும்பகுதி உண்மை. கதையின் பொய் ஆட்டத்தின் மெய்யை அழித்துவிடுவதில்லை. உடல் பெற்ற பயிற்சியில் ஒரு நேர்மை இருக்கிறது. அதனால்தான் தாழ்ந்த பகுதிக்காக உயர்ந்த பகுதியையும் புறக்கணித்தல் கூடாது என்கிறோம். ஆயினும் அந்த இளைஞர் பெற்ற நன்மை, படத்தின் கணக்கில் உள்ள கடனைத் தீர்த்துவிடாது. ஒருவரிடம் வாங்கிய பொருளைக் கொண்டு வேறொருவருக்கு உதவினால், உதவி பெற்றவர் மகிழ்வார். ஆனால் கடன் கொடுத்தவர் இன்னும் வாயிலில் நின்றுகொண்டிருக்கிறார். பிராங்ஸ் பகுதியில் வீடிழந்தவர்களும், இலண்டன் தெருவில் பசித்திருப்பவர்களும் அவ்வாறு நிற்பவர்கள்.

ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவாகும். உயர்ந்த பகுதியை உயர்ந்ததென்றே கூற வேண்டும். தாழ்ந்த பகுதியைத் தாழ்ந்ததென்றே கூற வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் இரண்டிற்கும் இழைக்கும் தீங்கு. அழகு, பிழையைப் பொறுக்கச் செய்யலாம். பிழையைப் பிழையன்று எனச் செய்ய அதற்கு உரிமை இல்லை.

நம் மேடை

இறுதியாக நம்மைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் முன்னாளில் நாடகங்கள் சிறப்பிடம் பெற்றிருந்தன. அலுவலகம் முடிந்து வந்து, பள்ளி அறைகளில் இரவு ஒன்பது மணி வரை ஒத்திகை பார்த்து, எழுத்தரும் கணக்கரும் தட்டச்சரும் அரசராகவும் புலவராகவும் மேடையேறினர். இன்று பல ஊர்களில் நாடகம் சுருங்கிவிட்டது. திரைப்பாடலுக்குக் குழு நடனம் பெருகிவிட்டது. இதனைப் பிள்ளைகளின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் மாதக்கணக்கில் பயின்று, பிசகாமல், ஒருமித்து ஆடுகின்றனர். கைதட்டத் தகுந்த உழைப்பு அது.

ஆனால் காரணம் யாது என்று எண்ணினால் உள்ளம் கனக்கிறது. நாடகத்திற்குத் தமிழ் பேச வேண்டும், நடனத்திற்கு வேண்டியதில்லை. உரையாடலை மனனம் செய்ய எழுத்தறிவு வேண்டும். தாளத்திற்குக் காது போதும். தமிழ்ப் பாடலுக்கு அழகாக ஆடும் சிறுமியிடம் அப்பாடலின் பொருளைக் கேட்டால், அவள் தாயின் முகத்தைப் பார்க்கிறாள். உலகச் சந்தைக்காகக் கதையை மெலியச் செய்த படமெடுப்போரை நாம் குறை கூறினோம். நம் மேடையிலும் கதை மெலிந்துதான் வருகிறது. அங்கே அதற்குக் காரணம் வாணிகம். இங்கே அதற்குக் காரணம் மொழி நம் இல்லங்களில் மெல்ல மெல்லத் தேய்ந்து வருவது. நாமும் கடனாளிகளே. விட்டு வந்த ஊரின் பாட்டையும் தாளத்தையும் வாங்கிக்கொண்டோம். அவற்றின் பின்னுள்ள கதையை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் பொறுப்பு எஞ்சியிருக்கிறது.

இதற்காக ஆட்டத்தைத் தடை செய்யவேண்டியதில்லை. பிள்ளைகள் விரும்பும் படங்களைப் பழிக்கவும் வேண்டியதில்லை. அவர்களோடு அமர்ந்து பார்ப்போம். நல்ல ஆட்டத்தைக் கண்டவுடன் மனமாரப் பாராட்டுவோம். படம் முடிந்ததும் சில கேள்விகளை மட்டும் கேட்போம். அந்தச் சிறுவன் இறந்தபின் அவன் தாய் என்ன செய்திருப்பாள்? பரிசுப் பணம் செலவானபின் அந்தத் தெரு என்னவாகியிருக்கும்? இந்த ஆட்டத்தை முதன்முதலில் ஆடியவர் யார், அவர் ஏன் தரையில் ஆடினார்? பிள்ளைகள் விடை கூற முயல்வார்கள். தமிழில் கூற முயன்றால் இன்னும் நன்று. சொல் தடுமாறினால் நாம் எடுத்துக் கொடுக்கலாம். படம் கூறாமல் விட்ட கதையை அவர்களே கூறத் தொடங்குவார்கள். அவ்வாறு கூறும் பிள்ளையின் கால்களில் ஆட்டமும் நிற்கும். நாவில் கதையும் நிற்கும்.